அவசரத்துக்கு உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்

அன்புள்ள அம்மிணி,

போன வாரம் ஒரு ஃபாரம் நிரப்பினேன். வருகிற சனிக்கிழமை 300 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவதற்கான ஃபாரம். பேர், வயசு 58, ரத்த வகை எல்லாம் எழுதிவிட்டு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் உங்கம்மா நம்பரைப் போட்டேன். கீழே இன்னொரு நம்பர் கேட்டிருந்தது. உன் நம்பரை எழுத ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். எனக்கு ஒன்று ஆனால் இந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்கிறேன். ஏற்கெனவே ஒன்று ஆனதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து திட்டுவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன மார்ச்சில் நான் பாத்ரூமில் வழுக்கி விழவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்தேன். கையில் சுளுக்கு என்று சொன்னதும் பொய். இடது காறை எலும்பு முறிந்திருந்தது. ஒன்றரை மாதம் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். வீடியோவில் வராமல் ‘கேமரா போயிடுச்சு’ என்று உங்கம்மாவும் நானும் மாறி மாறிச் சொன்னோமே, அந்தக் கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ பாவம், புது போனே வாங்கி அனுப்பிவிட்டாய். அதைப் பிரித்த அன்று உங்கம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எலும்பு வலி தேவலை.

விழுந்த கதையையும் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலை, சிறுவாணி ரோடு. எட்டுப் பேர் ஒரே வரிசையில் போனோம். எனக்கு முன்னால் பேக்கரிக்காரர். அவர் பின் சக்கரத்துக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் கூட இருக்காது. அப்படி ஒட்டிப் போனால்தான் முன்னால் போகிறவர் காற்றை உடைத்துத் தருவார். பின்னால் வருகிறவனுக்கு உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சம். டிராஃப்டிங் என்பார்கள். நான் கியரைக் குனிந்து பார்த்தேன். ஒரு வினாடிதான். அதற்குள் என் சக்கரம் அவர் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறிவிட்டது. அவர் ஒரு குழிக்காக லேசாக விலகினார், இரண்டும் உரசின. இதில் முன்னால் போகிறவருக்கு ஒன்றும் ஆகாது, அவருக்குப் பின் சக்கரம்தான் தட்டுகிறது. எனக்குத் தட்டியது ஹேண்டில் பிடிக்கிற சக்கரம். சைக்கிள் நிற்பதே அந்தச் சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்பிச் சமாளிப்பதால்தான். அதைத் திருப்ப விடாமல் ஒன்று முட்டிக்கொண்டால் முடிந்தது கதை. ஹெல்மெட்டில் விரல் நீளத்துக்கு விரிசல். அது மண்டையில் விழ வேண்டியது. தப்பு முழுக்க என்னுடையது. பேக்கரிக்காரர்தான் பாவம், ஒரு மாதம் வாரா வாரம் தேங்காய் பன்னோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ காலேஜுக்கு ஓட்டிய கியர் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. விற்றுவிடலாம் என்று எடுத்துத் துடைத்தேன், கோட்டம் எடுத்தேன். அதையும் நம் பட்டறை வழக்கப்படி, மயிரிழை வித்தியாசத்தையும் அளக்கிற டயல் கேஜ் வைத்துத்தான். ஒரு ஸ்போக்கைக் கால் திருகு இறுக்கினால் மற்றவற்றின் இழுவையும் மாறுகிறது. ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து கால் மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தேன். சைக்கிள் கடைக்காரர் ‘அண்ணா, இதென்ன பம்ப் ஷாஃப்டா?’ என்று சிரித்தார். அவ்வளவு வேலை செய்த சக்கரத்தை எப்படி விற்பது? ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவிநாசி ரோட்டில் வழுவழுவென்று ஒரு கூட்டம் என்னைத் தாண்டிப் போனது. சிக்னலில் நின்றபோது அதில் ஒரு பல் டாக்டரம்மா, ‘சார், ஞாயித்துக்கெழம வாங்க’ என்றார். போனேன். ஆறு மாதம் கழித்து ரோடு பைக் என்கிற மெல்லிய டயர் சைக்கிள் வாங்கினேன். அதன் விலை பற்றி உங்கம்மாவுக்குத் தெரிந்தது வேறு. ஒரு கடிதத்தில் ஒரு உண்மை போதும்.

நாற்பது வருஷமாக சைக்கிள் ஓட்டத் தெரியும் என்ற நினைப்பு ஒரே காலையில் போனது. கூட்டத்தில் ஓட்டுவது தனி வித்தை. சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது. நேர்கோட்டை விடக் கூடாது. குழி வந்தால் கையைக் கீழே நீட்டிக் காட்டி, ‘குழி!’ என்று கத்த வேண்டும். அதைப் பின்னால் வருகிறவன் அவனுக்குப் பின்னால் கத்துவான். நிற்கப் போனால் கையை மடக்கி மேலே தூக்க வேண்டும். அப்புறம் அந்த அரைக்கால் டவுசர், உள்ளே மெத்தை வைத்தது. அதற்குள் வேறெதுவும் போடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் 100 கிலோமீட்டருக்கு அப்புறம் இரண்டு நாள் பட்டறையில் நின்றுகொண்டே கணக்கு எழுதினேன்.

ரேஸ் என்று ஒன்றில்தான் கலந்துகொண்டேன். 20 கிலோமீட்டர், ஆளுக்கு ஒரு நிமிஷ இடைவெளியில் கிளப்பி விடுவார்கள். எனக்குப் பின்னால் மூன்று நிமிஷம் கழித்துக் கிளம்பிய காலேஜ் பையன் பாதி வழியில் என்னைத் தாண்டும்போது ‘சூப்பர் அங்கிள்’ என்றான். அதோடு ரேஸ் ஆசை விட்டது. நம் குரூப்பில் ஓர் இளவட்டம் இருக்கிறது. கோத்தகிரி ஏற்றத்தில் 1,400 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டு, மேலே போய் டீ குடித்துவிட்டு இறங்கும். மசினகுடியிலிருந்து ஊட்டி போகிற கல்லட்டி மலைப் பாதையில் 36 கொண்டை ஊசி, அதையும் விடுவதில்லை. அது அவர்கள் உலகம். எனக்குப் பிடித்தது தூரம்.

இந்தத் தூர ஓட்டத்துக்கு இங்கே எல்லோரும் பி.ஆர்.எம். என்பார்கள். அதில் முதல் எழுத்து பிரெவே, அதாவது சான்றிதழ், நீ இருக்கும் பிரான்ஸ் நாட்டு வார்த்தை. யார் முதலில் வந்தார் என்ற பேச்சே இல்லை. 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 300 என்றால் 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அந்த நேரத்துக்குள்தான். பின்னால் கார் வரக் கூடாது; வழியில் என்ன ஆனாலும் நீயே பார்த்துக்கொள்ள வேண்டும். வழியில் சில இடங்களில் கார்டில் முத்திரை குத்துவார்கள், அந்த இடங்களுக்கும் மூடும் நேரம் உண்டு. முடித்தால் பாரிஸில் இருக்கும் பழைய கிளப் ஒன்று அதைப் பதிந்து ஆளுக்கு ஒரு நம்பர் தருகிறது. இதற்கெல்லாம் பெரியண்ணன் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், 1,200 கிலோமீட்டர். 1891இல் ஆரம்பித்தது, டூர் டி பிரான்ஸுக்கு 12 வருஷம் மூத்தது. அப்போது அது ரேஸ்தான். முதல் முறை ஜெயித்த சார்ல் தெரோன், 71 மணி 22 நிமிஷத்தில் வந்தார். அவர் ஓட்டியது காற்றடைத்த டயரில், கழற்றி மாட்டக்கூடிய வகை. செய்தது யார் தெரியுமா? உன் கிளெர்மோன்-ஃபெரான்காரர்கள்தான், மிஷெலின். இதைப் படித்ததிலிருந்து உன் ஊர் மேல் எனக்கு ஒரு மரியாதை. நீ பயப்படாதே, அதற்கு நான் வரப்போவதில்லை. 200 முதல் 600 வரை எல்லாம் முடித்தவர்களுக்குத்தான் அங்கே இடம். நான் இன்னும் 300ஐயே தாண்டவில்லை.

200 மூன்று முடித்திருக்கிறேன். மூன்றாவது போன ஆடியில், எலும்பு கூடின பிறகு. கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி, அதே வழியில் திரும்பல். காலை 6 மணிக்குக் கிளம்பினோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உனக்கு நினைவிருக்கும், சின்ன வயசில் மாடியில் காயப்போட்ட பாவாடை பக்கத்துத் தெருவுக்குப் போகுமே, அதே காற்று. பொள்ளாச்சி தாண்டிக் கிழக்கே திரும்பியதும் அது முதுகில் கை வைத்துத் தள்ளியது. கோமங்கலம், உடுமலை, மடத்துக்குளம் எல்லாம் பஸ்ஸில் போகிற மாதிரி வந்து போயின. 10:45க்குப் பழனியில் முத்திரை. எங்கள் அப்பாரு தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு நாலு நாள் நடந்த வழி அது. மலையைப் பார்த்துக் கீழிருந்தே ஒரு கும்பிடு, ஒரு தயிர் சாதம், 11:30க்குத் திரும்பினோம். கையில் 8 மணி நேரம், பாக்கி 105 கிலோமீட்டர். மணிக்கு 13க்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். நடை வண்டியில் போனால் கூடப் போய்விடலாம் என்று பேக்கரிக்காரர் சொன்னார்.

அம்மிணி, அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். சமதள ரோடு, ஒரு மேடு கிடையாது, ஏற்றத்தில் அழுத்துகிற மாதிரி முழுசாக அழுத்துகிறேன், மீட்டர் 11 காட்டுகிறது. ரோட்டோரத்துக் காற்றாலைக் காத்தாடிகள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டி, எதிர்க்காற்றுக்கு முகம் வைத்துச் சுற்றுகின்றன. காலையில் அவற்றின் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் நான் முன்னால், இரண்டு நிமிஷம் அவர். பேச்சே இல்லை, முழங்கையை ஆட்டினால் ‘நீ வா’ என்று அர்த்தம். உடுமலைக்கு முன்னால் அவருக்கு ஒரு பஞ்சர். டயருக்குள் விரலை விட்டுத் தடவித் தடவி, மயிரிழை மாதிரி ஒரு கம்பித் துண்டை எடுத்தேன். லாரி டயர் வெடித்தால் ரோட்டில் சிதறுகிற கம்பி அது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிஷத்தில் மறுபடி போகும். கிணத்துக்கடவில் பொழுது சாய்ந்துவிட்டது. ஈச்சனாரியில் சிக்னலில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை. 7:18க்கு முடித்தோம், பாக்கி 12 நிமிஷம்.

டிசம்பரில் 300க்குப் போனேன். கரூர் தாண்டிப் போய்த் திரும்புவது. அது முடியவில்லை. தப்பு சாப்பாட்டில். வெயிலில் பசி தெரியவில்லை, தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே வந்தேன். 212ஆவது கிலோமீட்டரில், வெள்ளகோவிலில், ரோட்டு வெள்ளைக்கோடு இரண்டாகத் தெரிந்தது. ஒரு பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்தேன். மணி 7. இன்னும் 6 மணி நேரம் இருக்கிறது, 88 கிலோமீட்டர்தான். கணக்குப்படி முடியும். ஆனால் கண் செருகுகிறது, எதிரே லாரி விளக்கு. எலும்பு முறிந்தபோது உங்கம்மாவிடம் ஒரே ஒரு சத்தியம் செய்தேன்: சந்தேகம் வந்தால் இறங்கிவிடுவேன் என்று. இறங்கினேன். பல்லடம் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப் போன ஒரு குட்டி யானையில் சைக்கிளைப் படுக்க வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். டிரைவர் தம்பி நாலு பழம் பிய்த்துக் கொடுத்தான். நாலாவது பழம் தின்னும்போது வெள்ளைக்கோடு ஒன்றாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து தின்றிருந்தால் முடித்திருப்பேனோ என்று ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. ஆனாலும் இறங்கியது சரிதான்.

‘எதுக்குப்பா இந்த வயசுல?’ என்று கேட்டாயே. யோசித்துப் பார்த்தேன். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒன்று எனக்குப் பணம் தர வேண்டியவர்கள், இல்லை நான் தர வேண்டியவர்கள். கல்யாண வீட்டில் கூட ‘அந்தப் பில்லு’ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இங்கே ஒரு போலீஸ்காரர், ஒரு டாக்டரம்மா, என் பேர் கூடத் தெரியாத காலேஜ் பையன்கள். அவர்கள் எனக்குக் குழி காட்டுகிறார்கள், நான் பின்னால் வருகிறவனுக்குக் காட்டுகிறேன். சரி, இதைப் போனில் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். இப்போதும் வந்திருக்கும்.

இனிமேல் மறைக்க மாட்டேன். ஃபாரத்தில் உன் நம்பரையும் எழுதி முடித்துவிட்டேன். சனிக்கிழமைக் கணக்கைச் சொல்கிறேன், குறித்துக்கொள். அதே கரூர் வழிதான். இங்கே காலை 5 மணிக்குக் கிளம்புகிறோம், உனக்கு அப்போது நடுராத்திரி 12:30. காங்கயம் வந்ததும் ஒரு மெசேஜ், கரூரில் ஒன்று, திரும்பும் இடத்தில் ஒன்று. வெள்ளகோவிலுக்குத் திரும்பி வரும்போது உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். கடைசி நேரம் இங்கே ராத்திரி 1 மணி, உன் கடிகாரத்தில் எட்டரை. மணிக்கொரு தடவை சாப்பிடச் சொல்லி கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்திருக்கிறேன். உங்கம்மா கடலை மிட்டாயை எண்ணிக் கட்டிக் கொடுக்கிறாள், திரும்பி வந்ததும் மிச்சத்தை எண்ணுவாளாம்.

ஒரு மணி நேரம் லேட்டானால் பஞ்சர் என்று வைத்துக்கொள், உங்கம்மாவைக் கூப்பிட்டுக் கலவரப்படுத்தாதே. இரண்டு மணி நேரம் என்றால் பேக்கரிக்காரருக்குப் போடு, நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். ‘குட்டி யானை’ என்று மட்டும் ஒரு மெசேஜ் வந்தால், நான் நன்றாக இருக்கிறேன், வாழைத்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

அன்புடன்,
அப்பா