முதற்பருவத்திலேயே மூலத்தைத் தேடப் பழக்குங்கள்: தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்குத் திறந்த மடல்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாக முதுகலைத் தமிழ் வகுப்பு எடுத்துவருபவன் என்ற முறையில் ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். சான்றைத் தேடுவதையும், கிடைத்ததைச் சோதிப்பதையும், பார்த்ததைப் பார்த்தபடி குறிப்பதையும் முதுகலை முதற்பருவத்திலேயே செய்முறைப் பயிற்சியாகச் சேர்க்க வேண்டும் என்பதே அது.

சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் தம் திட்டக்கட்டுரையில் புறநானூற்றுப் பாடல் ஒன்றை எடுத்தாண்டு, அடிக்குறிப்பில் உ.வே.சா. பதிப்பு, 1894 என்று பக்க எண்ணோடு எழுதியிருந்தார். முதற்பதிப்பை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டதும் விழித்தார். துறைக் கணினியில் அதன் மின்படியைத் திறந்து இருவருமாகப் பார்த்தோம். அவர் குறித்த பக்கத்தில் வேறொரு பாட்டு இருந்தது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவில் கிடைத்த முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றிலிருந்து அடிக்குறிப்பை அப்படியே எடுத்ததாகப் பிறகுதான் சொன்னார். அந்த ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலைப் புரட்டினால், ஆய்வாளர் பயன்படுத்தியது பிற்கால மறுபதிப்பு. ஆண்டு ஒரு பதிப்புக்கும் பக்கம் இன்னொரு பதிப்புக்கும் உரியவையாகி, உலகில் எங்குமே இல்லாத ஒரு நூலை அந்த அடிக்குறிப்பு சுட்டிக்கொண்டிருந்தது. பாட்டு எண்ணைத் தந்திருந்தாலே எந்தப் பதிப்பிலும் தேடி எடுத்திருக்கலாம். மாணவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. என் மாணவப் பருவத்தில் நானும் பார்க்காத நூல்களைப் பட்டியலில் சேர்த்தவன்தான். பட்டியல் நீண்டால் மதிப்பெண் கூடும் என்று அன்று நம்பினோம்.

முன்பெல்லாம் இந்தக் குறையை, முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையிலிருந்த எம்.ஃபில். ஆய்வுப் பட்டம் ஓரளவு சரிக்கட்டியது. ஆய்வு நெறிமுறை என ஒரு தாளும், சிறியதாக ஓர் ஆய்வேடும், சிவப்பு மையோடு உட்கார்ந்து திருத்தும் நெறியாளரும் அங்கே இருந்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அந்தப் பட்டத்தையே நீக்கிவிட்டதால், முதுகலை முடித்தவர் நேரே முனைவர் பட்டத்துக்கு வந்து நிற்கிறார். அங்கே ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் குறித்த 30 மணி நேரப் பாடம் கட்டாயமாக உள்ளது, நல்லதுதான். ஆனால் திருட்டு தவறு என்று அதில் கற்றுக்கொள்பவருக்கு, ஒரு மேற்கோளை அதன் மூலம்வரை பின்தொடர்ந்து செல்லும் கைப்பழக்கம் அங்கே வாய்ப்பதில்லை.

அந்த இடத்தை இப்போது, ஒரு கட்டுரை பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று கணக்கிடும் மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்கும் யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், இந்த ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. விளைவாக, 'எத்தனை சதவீதம் வந்தது?' என்பதே வகுப்பறையின் முதல் கேள்வியாகிவிட்டது. தரவுத்தளத்தில் ஏறாத பழைய அச்சு நூலிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தால் மென்பொருளுக்குத் தெரியாது. மேலே சொன்ன பிழையான அடிக்குறிப்பும் அதற்குத் தெரியாது. செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் பட்டியலில் இதழின் பெயர் உண்மையாக இருந்து, கட்டுரை மட்டும் கற்பனையாக இருப்பதையும் நான் கண்டிருக்கிறேன். அதிலும் ஒப்புமை விழுக்காடு சுழியமாகவே வரும்.

இது மேலைநாட்டு முறை, நம் மரபுக்குப் புறம்பானது என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமக்கு முந்தையோர் கருத்தை 'என்ப' என்றும் 'என்மனார் புலவர்' என்றும் தொல்காப்பியரே பிரித்துக் காட்டுகிறார். உ.வே.சா. தம் பதிப்புகளில் ஏட்டுப்படிகளைத் தந்தவர்களைப் பதிவு செய்ததும், பாடவேறுபாடுகளைக் குறித்துவைத்ததும் அதே நேர்மையின் தொடர்ச்சிதான். தமிழ் நூல்களுக்கென்றே சில சிக்கல்களும் உண்டு. தொல்காப்பிய நூற்பாக்களை உரையாசிரியர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பிரிக்கவில்லையாதலால், யாருடைய உரை என்று குறிப்பிடாமல் எண்ணை மட்டும் தந்தால் தேடுபவர் தவறான நூற்பாவில் போய் நிற்பார். பிற மொழிகளுக்கென எழுதப்பட்ட மேற்கோள் கையேடு இதைச் சொல்லித்தராது. நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

நான் கேட்பது புதிய தாள் அன்று. முதற்பருவ உள்மதிப்பீட்டில் 10 மதிப்பெண்ணை ஒரே ஒரு பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் அச்சில் வந்த கட்டுரை ஒன்றிலிருந்து ஒரு மேற்கோளைக் கொடுத்து, அதன் மூலத்தை நூலில் கண்டு, எந்தப் பதிப்பு, எந்த உரை, சொற்கள் மாறியுள்ளனவா, முன்பின் வரிகளைச் சேர்த்துப் படித்தால் பொருள் அதேதானா என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லலாம். மூலம் கிடைக்காவிட்டால், எங்கெல்லாம் தேடினார் என்பதை எழுதினாலும் முழு மதிப்பெண் தரலாம். பொய்யான அடிக்குறிப்பைவிட அது மேலானது. சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எல்லாக் கல்லூரி மாணவரும் வந்து சேர முடியாது என்பது தெரியும். ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கல்லூரி நூலகரை இரண்டு வகுப்புகளுக்கு அழைத்தால் அவற்றில் தேடும் வழியை அவர் காட்டுவார்.

கூடவே, திட்டக்கட்டுரை மதிப்பீட்டுப் படிவத்தில் துணைநூற்பட்டியலின் நீளத்துக்கு மதிப்பெண் தரும் வழக்கம் எங்கெல்லாம் உள்ளதோ அங்கெல்லாம் அதை நீக்கி, பட்டியலிலிருந்து ஏதேனும் மூன்று நூல்களைத் தேர்வாளர் கேட்க, மாணவர் அவற்றின் உரிய பக்கத்தைத் திறந்து காட்டும் வகையில் வாய்மொழித் தேர்வை மாற்றியமைக்க வேண்டுகிறேன். அடுத்த பாடத்திட்டத் திருத்தக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டால், என் வகுப்பில் செய்துபார்த்த பயிற்சித் தாள்களை, அவற்றில் தோற்றுப்போனவை உட்பட, அனுப்பிவைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்