ஹாடிக்ஸின் பெயரைத் திரும்பப் பட்டியலில் சேருங்கள்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அலுவலகத்துக்கும், அங்கே சாதனைக் கணக்கை வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம். 1959 மே 26 அன்று மில்வாக்கி கவுன்ட்டி ஸ்டேடியத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி, அதை உங்கள் பெர்ஃபெக்ட் கேம் பட்டியலில் மறுபடி சேர்க்கக் கேட்டு எழுதுகிறேன். பிட்ஸ்பர்க் பைரட்ஸின் இடக்கை பிட்சர் (பந்தெறிபவர்) ஹார்வி ஹாடிக்ஸ், அன்றைக்கு உடம்பு சரியில்லாமல்தான் பந்தெறிய வந்தார். எதிரே மில்வாக்கி பிரேவ்ஸ். முந்தைய இரண்டு வருடமும், மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கை வென்ற அணி, ஹேங்க் ஆரனும் எடி மேத்யூஸும் ஆடிய அணி. பந்தடிக்க வந்த 36 பேரை (ஒன்பது பேர் வரிசை நான்கு சுற்று) வரிசையாக அவுட்டாக்கித் திருப்பி அனுப்பினார். ஒரு ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி) இல்லை, ஒரு வாக் (நான்கு தவறான பந்துகளால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) இல்லை, 12 இன்னிங்ஸ் முடியும்வரை யாரும் முதல் பேஸைத் தொடவில்லை.

வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் வரும் 27 பேரை இப்படி அனுப்பினாலே அது பெர்ஃபெக்ட் கேம். ஹாடிக்ஸ் அதற்கு மேலும் ஒன்பது பேரை அனுப்பினார், ஏனென்றால் வேறு வழியில்லை, அவருடைய அணி பிரேவ்ஸ் பிட்சர் லூ பர்டெட்டிடம் 12 ஹிட் அடித்தும் ஒரு ரன்கூட எடுக்காததால் ஆட்டம் சமநிலையில் நீண்டது.

13ஆவது இன்னிங்ஸில் மூன்றாம் பேஸில் நின்ற பைரட்ஸ் வீரர் டான் ஹோக் தவறாக எறிந்ததால் பிரேவ்ஸின் ஃபீலிக்ஸ் மண்டீயா முதல் பேஸை அடைந்தார். மேத்யூஸ் பந்தை மெல்லத் தட்டி அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார், ஆரனுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள், அப்புறம் ஜோ ஆட்காக் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார். ஆரன் பாதியிலேயே ஓட்டத்தை விட்டுவிட, ஆட்காக் அவரைத் தாண்டி ஓடியதால் அந்த ஹோம் ரன் டபுளாக (இரண்டு பேஸ் அடியாக) குறைந்து, ஸ்கோர் கடைசியில் 1-0 ஆனது. ஆனாலும் தோல்வி தோல்விதான், அதை மாற்றச் சொல்லவில்லை.

நான் கேட்பது 1991ஆம் வருட முடிவைப் பற்றி. குறைந்தது ஒன்பது இன்னிங்ஸ் ஆடி, ஆட்டம் முடியும்போதும் ஒரு ஹிட்கூட இல்லாமல் இருந்தால்தான் நோ-ஹிட்டர் என்று அன்றைக்கு விதி வைத்தீர்கள். மழையால் ஐந்து ஆறு இன்னிங்ஸில் நின்றுபோன ஆட்டங்களை நீக்கியதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெர்ஃபெக்ட் கேமும் நோ-ஹிட்டரில் ஒரு வகைதான் என்பதால் அதே கத்தி ஹாடிக்ஸையும் வெட்டியது. அந்த முதல் ஒன்பது இன்னிங்ஸில் பைரட்ஸ் ஒரே ஒரு ரன் எடுத்திருந்தால் அவர் இன்றைக்கும் பட்டியலில் இருப்பார். அதாவது மற்றவர்கள் எடுக்காத ரன்னுக்காக, கூடுதலாக மூன்று இன்னிங்ஸ் எறிந்தவர் பெயரை அடித்துவிட்டீர்கள். இதை எப்படிச் சரி என்பது?

1995இல் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்: சான் டியாகோவில் ஒன்பது இன்னிங்ஸ் பெர்ஃபெக்ட், பத்தாவதில் ஒரு டபுள், அவ்வளவுதான். அவர் ஜெயித்த ஆட்டம் அது, இருந்தும் பட்டியலில் இல்லை.

பழைய கணக்கைத் தொட முடியாது என்று சொல்லாதீர்கள். நீக்ரோ லீக் (கறுப்பின வீரர்களை மேஜர் லீக் ஒதுக்கிவைத்த காலத்தில் அவர்கள் ஆடிய லீக்குகள்) வீரர்களின் கணக்குகளை 2024இல் சேர்த்தீர்கள், அது மிக நல்ல காரியம். விதியை முழுக்க மாற்றவும் வேண்டாம், ஒன்பது இன்னிங்ஸ் பெர்ஃபெக்டாக முடித்துவிட்டால் அது பெர்ஃபெக்ட் கேம்தான், பிறகு நடந்ததைத் தனிக் குறிப்பாகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு திருத்தம் போதும்.

ஹாடிக்ஸ் 1994இல் காலமாகிவிட்டார். உங்கள் பட்டியலில் 1956இல் டான் லார்சன், அதற்கு அடுத்து 1964இல் ஜிம் பன்னிங் என்று இருக்கிறது. அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் ஒரு வரியைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் ரசிகர்