டைட்டில் ஓடும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

சீரியலை விடாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் மாமியார் துணி மடிக்கிற சீன் வந்ததே, ஒரு சட்டையை மட்டும் மடிக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போவாளே, அதில் ஒரு வசனம்கூட இல்லை. யார் எழுதினது என்று கேட்க மாட்டேன்.

நீ போன் செய்து 20 நாள் ஆகிறது. வேலை இருக்கும். அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக 20, 22 நிமிடம் எழுதியாக வேண்டும், அதுவும் தினம். தூங்குகிறாயா?

எழுத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். உன் படத்து ஸ்கிரிப்ட்டைப் படித்தேன். சீன் தலைப்பில் ஓரிடத்தில் ‘வீடு’, இன்னோரிடத்தில் ‘ராஜி வீடு’, அப்புறம் ‘ஹால்’. எல்லாம் ஒன்றுதானே? எந்த சீனுக்கு என்னென்ன வேண்டும் என்று பிரேக்டவுன் போடுகிற உதவி இயக்குநர் மூன்று லொக்கேஷன் என்று எழுதிக்கொள்வார். முதல் சீனில் வைத்த பெயரையே கடைசிவரை வை. ‘வெளி, இரவு’ என்று அடிக்கும் முன்னும் யோசி. அந்தத் தெரு முழுக்க லைட் கட்ட வேண்டும். பகலில் நடந்தால் கதை கெட்டுவிடுமா?

பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று நம்பி 118 பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாய். அது ஆங்கிலத்தில் கூரியர் என்கிற ஃபான்ட்டில், 12 சைஸில், அதற்கென்று உள்ள மார்ஜினில் அடித்தால் வருகிற கணக்கு, அதுவும் உத்தேசம்தான். தமிழில் ஃபான்ட் மாறினால் பக்கமும் மாறும். டைமர் வைத்து வாய்விட்டுப் படி. நடக்கிற இடத்தில் எழுந்து நடந்தே பார்.

17-ஆவது சீனில் அண்ணன் தங்கையிடம், ‘உனக்குத்தான் தெரியுமே, அப்பா போய் பத்து வருஷம் ஆச்சு’ என்கிறான். தெரிந்தவளிடம் எதற்குச் சொல்கிறான்? சீரியலில் இது செல்லும், நேற்று பார்க்காதவர்கள் இருப்பார்கள். படத்தில் செல்லாது. அப்பா பெயருக்கு வருகிற தபாலை யாரும் பிரிக்காமல் அலமாரியில் போடட்டும், போதும். ‘வா, உட்கார், எப்போ வந்தே’ மூன்றையும் வெட்டு. சண்டை பாதி நடக்கும்போது நாம் உள்ளே போவோம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற விஷயம். ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது, எழுதி வைத்ததற்குத்தான். கதை சொல்லப் போகும் முன் இரண்டு பக்கச் சுருக்கத்தை மெயிலில் அனுப்பிவிட்டுப் போ, தேதி நிற்கும். எத்தனை டிராஃப்ட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், பணம் எப்போது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ‘ரிலீஸ் ஆனதும்’ என்று இருந்தால் டிராஃப்ட் கொடுக்கிற அன்றைக்கு என்று மாற்றச் சொல். படம் வராமலே போனால் யாரைக் கேட்பாய்? கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் வேறு வேறு. கதை விவாதம், வசன உதவி என்பதெல்லாம் இன்னும் வேறு. உன் பெயர் எதன் கீழ் வரும் என்பது அந்தத் தாளில் இருக்கட்டும். வாய்வார்த்தை வேண்டாம். எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் வேண்டாம்.

டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், பாப்பா. மூன்று நாள்.

‘பேரெல்லாம் எதுக்கு, வேலை பேசும்’ என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குக் கேட்கப் பயம், அவ்வளவுதான். நான் எழுதினது நீல ஃபைலில் இருக்கிறதே, அதில் ஒன்றுக்குக்கூட என் பெயரைப் போடச் சொல்லி வாய் திறந்து கேட்டதில்லை. உன் பெரியப்பா திட்டினது சரி.

சண்டை போட வேண்டாம். எந்த எபிசோட், எந்த சீன், என்றைக்கு அனுப்பினாய் என்று வரிசையாக எழுது. கீழே, ‘வசனத்தில் என் பெயர் எந்த எபிசோடிலிருந்து வரும்?’ என்று ஒரே ஒரு கேள்வி. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, மெயிலில் அனுப்பு. எனக்கும் ஒரு நகல் போடு. போன் செய்ய மனசில்லை என்றால் விடு, மெயிலைப் பார்த்தால் தெரிந்துகொள்வேன்.

அம்மா