டெராஃப்ளாப் சண்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கேம் கன்சோல் கட்டுரையில் ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 12 டெராஃப்ளாப் (ஒரு டெராஃப்ளாப் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்), பிளேஸ்டேஷன் 5-க்கு 10.28 டெராஃப்ளாப், ஆகவே எக்ஸ்பாக்ஸ்தான் பலசாலி என்று தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். நான் ரிச்சி தெருவில் கன்சோல் பழுது பார்ப்பவன். அந்தப் பக்கத்தைப் போனில் காட்டிக்காட்டி என் கடை வாசலிலேயே கல்லூரிப் பையன்கள் வாய்ச்சண்டை போட்டார்கள். நேற்றுவரை ஒன்றாக உட்கார்ந்து விளையாடியவர்கள்.

யாரோ விளையாட்டை ஓடவிட்டு அளந்து சொன்ன எண் அல்ல அந்த டெராஃப்ளாப். வெறும் பெருக்கல். சீரிஸ் எக்ஸின் கிராஃபிக்ஸ் பகுதியில் 52 கணிப்பு அலகுகள், ஒவ்வொன்றிலும் 64 சிறு கணக்கிகள், ஒரு துடிப்புக்கு 2 கணக்கு, நொடிக்கு 182.5 கோடி துடிப்பு. எல்லாவற்றையும் பெருக்கினால் நொடிக்கு 12 லட்சம் கோடி கணக்குகள். பிளேஸ்டேஷன் 5-இல் அலகுகள் 36தான், ஆனால் துடிப்பு 223 கோடி வரை போகும். அங்கே ஆள் அதிகம், இங்கே வேகம் அதிகம். எல்லா அலகும் ஒரு நொடிகூடச் சும்மா நிற்காமல் உழைத்தால்தான் இந்த எண்கள் கைக்கு வரும். நிஜத்தில் மெமரியிலிருந்து தரவு வரட்டும் என்று அவை காத்துக் கிடக்கின்றன. ஸ்பீடாமீட்டரில் 160 வரை கோடு இருப்பதால் அண்ணா சாலையில் யாரும் 160-இல் போய்விடுவதில்லை.

அதே அட்டவணையில் எஸ்எஸ்டியை, அதாவது கேம்களைச் சேமித்து வைக்கும் டிரைவை, முதல் வரியாகப் போட்டிருந்தால் உங்கள் தீர்ப்பே மாறியிருக்கும். பிளேஸ்டேஷன் 5-இன் எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும், சீரிஸ் எக்ஸ் 2.4 ஜிபி. மெமரி இரண்டிலும் 16 ஜிபி. இத்தனைக்கும் இரண்டு பெட்டியிலும் இருப்பது ஏஎம்டி நிறுவனம் வடிவமைத்த சிப்தான், இரண்டிலும் அதன் 'ஜென் 2' வகை எட்டு கோர் பிராசசர். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தெருவில் அடித்துக்கொள்கிறார்கள்.

என்னை உண்மையில் வருத்தியது வேறு. கடையில் நின்ற பள்ளிப் பையன் ஒருவனிடம் இருப்பது சீரிஸ் எஸ், சீரிஸ் எக்ஸின் விலை குறைந்த தம்பி. அப்பா தவணையில் வாங்கித் தந்தது. "டேய், உன்னோடது 4 டெராஃப்ளாப் டப்பாடா" என்று அந்தக் கல்லூரிப் பையன்கள் சொன்னதும் அவன் முகம் செத்துவிட்டது. 2017-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் 6 டெராஃப்ளாப். அட்டவணைப்படி அதுதான் பெரிது. ஆனால் அதில் இருப்பது பழைய பிராசசர், பழைய ஹார்ட் டிஸ்க். சீரிஸ் எஸ் பல மடங்கு வேகமாக கேமைத் திறக்கிறது, இந்தத் தலைமுறைக்கென்றே வந்த, ஒன் எக்ஸில் ஓடாத கேம்களையும் ஓட்டுகிறது. படம் கொஞ்சம் கூர்மை குறைந்திருக்கும், அவ்வளவுதான். இதை அந்தப் பையனுக்கு நான் உட்காரவைத்துச் சொன்னேன். உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

பெரிய எண்ணைக் காட்டி விற்பது புதிதல்ல. 1993-இல் அட்டாரி ஜாகுவார் '64 பிட்' என்று முழங்கிக்கொண்டு வந்தது, வாங்க ஆளில்லை. நின்டெண்டோ வீ தன் காலத்துப் போட்டியாளர்களை விட மிகவும் பலவீனமான பெட்டி, எச்டி படம்கூடக் கிடையாது. 10 கோடிக்கு மேல் விற்றது. அதே தலைமுறை பிளேஸ்டேஷன் 3 ஒன்பது கோடியை எட்டவில்லை.

என்னிடம் 'லேக் அடிக்குது, தானாக ஆஃப் ஆகுது' என்று வரும் பெட்டிகளைத் திறந்தால் பெரும்பாலும் ஃபேனிலும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கிலும் தூசி அடைத்திருக்கும். சென்னை வெயிலில், காற்றுப் போகாத டிவி ஸ்டாண்டுக்குள் திணித்து வைத்திருப்பார்கள். எத்தனை டெராஃப்ளாப் இருந்தாலும் அங்கே பயனில்லை.

அடுத்த முறை ஒப்பிடும்போது ஒரே கேமை எல்லாவற்றிலும் ஓடவிட்டு நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது, ஃபேன் எவ்வளவு சத்தம் போடுகிறது, கேம் விலையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு செலவாகிறது என்று போடுங்கள். சீரிஸ் எஸ்ஸையும் அந்த வரிசையில் தவறாமல் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை.