ஸ்கேன் செய்தால் பாடமாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பயிற்சித்தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக அனுப்பிவிட்டு, அதற்கு 'டிஜிட்டல் பாடம்' என்று பெயர் சூட்டுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. தாளில் பென்சிலால் கோடு போடவாவது முடிந்தது. திரையில் அதுவும் இல்லை.

தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை, தலைப்பிரட்டை, இளந்தவளை என்று படங்களை வெட்டி ஒட்டச் சொல்வோம். அதையே எச்5பி (H5P) போன்ற, திரையில் செய்யும் பயிற்சிகளை உருவாக்க உதவும் இலவசக் கருவியில், இழுத்துப் பொருத்தும் பயிற்சியாக மாற்றலாம். ஆனால் வாலும் காலும் சேர்ந்திருக்கும் படத்தை இடம் மாற்றி வைக்கும் பிள்ளைக்குச் சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் போதாது. 'பின்னங்கால்கள் முதலில் முளைக்கும்; வால் கடைசியில்தான் மறையும்' என்ற குறிப்பு அங்கேயே வர வேண்டும். அந்த ஒரு வரியை எழுதுவதுதான் ஆசிரியரின் வேலை; மதிப்பெண் கூட்டுவதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

கோடிட்ட இடங்களை நிரப்புவதில் இன்னொரு வம்பு. ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் சில செயலிகள் சரியான விடையைத் தவறென்று தள்ளிவிடும். ஏற்கத்தக்க வடிவங்களை முன்பே பதிந்துவைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் திரைக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. கையெழுத்தும் களிமண்ணும் மேசையிலேயே இருக்கட்டும். பயிற்சி வகுப்புகளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டுவதோடு நிறுத்தாமல், பின்னூட்டக் குறிப்பு எழுதவும் ஆசிரியர்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை