"பிள்ளை பக்கத்தில் புகைப்பதில்லை" என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள்

குழந்தை நல மருத்துவர்களுக்கும் தடுப்பூசிப் பிரிவுச் செவிலியர்களுக்கும் வணக்கம்.

இளைப்பு, காதுவலி என்று அடிக்கடி வரும் குழந்தையின் பெற்றோரிடம், "வீட்டில் யாராவது புகைக்கிறார்களா?" என்று கேட்கிறீர்கள். "ஆமாம், ஆனால் பிள்ளை பக்கத்தில் இல்லை" என்கிறார்கள். அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்கள். புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் ஆலோசகர்களாகிய நாங்கள் எழுதுவது அந்தப் பதிலைப் பற்றித்தான்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிறதா, நெடி அடிக்கிறதா என்பதை வைத்தே புகையை அளக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, நெடி போனதும் ஆபத்தும் போய்விட்டதாக நம்புகிறார்கள். ஆனால் இந்தப் புகையில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் மணிக்கணக்கில் மிதக்கும். விசிறி அவற்றை அறை முழுக்கப் பரப்பும். ஏசி அதே காற்றைத்தான் சுற்றிவிடும். சுத்திகரிப்பான் துகளைப் பிடித்தாலும் கார்பன் மோனாக்சைடை விட்டுவிடும். ஜன்னலோரம் நின்று ஊதினாலும், காற்று உள்நோக்கி அடித்தால் புகை வீட்டுக்குள்தான் வரும். தினமும் புகைப்பவரின் மூக்குக்கோ அந்த நெடி பழகிப்போயிருக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, தனி அறையும் காற்றோட்டமும் போதாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 2006-லேயே சொல்லிவிட்டது.

"எங்கப்பா வீட்டுக்குள்ளேயேதான் புகைத்தார், எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களிடம் புற்றுநோய் பற்றிப் பேசிப் பயனில்லை, அது என்றோ வரப்போகும் நோய். இப்போது கண்முன் இருக்கும் காதைப் பற்றிப் பேசுங்கள். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் குழந்தைக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுக்கைவசத்தில் இருக்கும். புகை பட்டால் அதன் உட்சவ்வு வீங்கும், சளியைத் தள்ளும் நுண்முடிகள் மந்தமாகும். நீர் வடிய வழியில்லாமல் உள்ளே தேங்கி, காது மறுபடியும் சீழ்பிடிக்கும். மருந்து கொடுத்தும் ஏன் திரும்ப வருகிறது என்று தவிக்கும் தாய்க்கு இது சட்டென்று புரியும். பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விட்டால், பச்சிளங்குழந்தை 30 முதல் 60 முறை விடும் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வியையும் மாற்றுங்கள். யார் யார் புகைக்கிறார்கள்? எங்கே நின்று? அப்போது கதவு மூடியிருக்குமா? காரில்? மழை பெய்தால் எங்கே? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் உண்மை வெளிவரும். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். நம்பத் தயங்குபவர்களுக்கு, சம்மதம் பெற்று, குழந்தையின் சிறுநீரில் கோட்டினின் பரிசோதிக்கலாம். நிக்கோட்டின் உடலுக்குள் போனால் உருவாகும் பொருள் அது. கடந்த சில நாட்களில் பட்ட புகையைக் காட்டிக்கொடுக்கும்.

"வெளியே போய்ப் புகையுங்கள்" என்பது அரைகுறை அறிவுரை. கதவையும் ஜன்னலையும் மூடி, வாசலிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். மேலே போட்ட சட்டையை வெளியிலேயே கழற்றி, கைமுகம் கழுவி, சில நிமிடம் கழித்தே குழந்தையைத் தூக்க வேண்டும். கடைசி இழுப்புக்குப் பிறகும் மூச்சில் புகை வந்துகொண்டிருக்கும். இவையெல்லாம் பாதிப்பைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது.

வீட்டுக்குள் இருக்கும் நேரத்தைப் புகைக்காமல் சமாளிக்க முடியாதவருக்கு நிக்கோட்டின் சூயிங்கம் உண்டு. எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. சும்மா மென்று தள்ளினால் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும், "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவார்கள். சுருக்கென்று காரம் தட்டும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு கூடாது. மென்று துப்பிய சூயிங்கமும் குழந்தைக்கு விஷமே, தாளில் சுற்றிக் கைக்கெட்டாமல் போடச் சொல்லுங்கள்.

அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது இதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். முடிந்தால், புகைப்பவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
புகைநிறுத்த ஆலோசகர்கள்