சொன்னவருக்குத் தண்டனை கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கையை ஒரு நாடு எப்படி வகுக்க வேண்டும் என்ற கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். குழு அமைப்பது, வரைவு தயாரிப்பது, கருத்துக் கேட்பது என எல்லாம் விரிவாக இருந்தது. தாக்குதலுக்கு ஆளானவர்கள் அதை யாரிடம், எப்போது சொல்ல வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரே வரி. என்னைக் கேட்டால், கொள்கையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

பல ஆண்டுகள் கணினிப் பராமரிப்பில் இருந்தவன் நான். ஒருநாள் காலை எங்கள் சர்வர்களை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள், பூட்டிவிட்டது. "வெளியே மூச்சு விடக் கூடாது" என்பதுதான் மேலிடத்திலிருந்து வந்த முதல் உத்தரவு. நாங்களும் வாய் திறக்கவில்லை. அதே ஓட்டை வழியாக அடுத்து யார் மாட்டினார்களோ என்ற நினைப்பு இன்றும் உறுத்துகிறது.

அயர்லாந்தின் பொது சுகாதாரத் துறை 2021 மே மாதம் இப்படித்தான் முடங்கியது. மருத்துவமனைகளில் பேனாவும் காகிதமுமாக வேலை நடந்தது. விதை விழுந்தது மார்ச்சிலேயே, யாரோ திறந்த ஓர் எக்ஸெல் கோப்பில். இடையில் வந்த எச்சரிக்கைகள் கவனிக்கப்படாமல் போயின. இணையப் பாதுகாப்புக்கென்று உயர்மட்டத்தில் பொறுப்பான ஒருவர்கூட இல்லை என்றது விசாரணை அறிக்கை. அந்த அறிக்கையை அவர்கள் பூட்டி வைக்காமல் வெளியிட்டார்கள். அதற்காக அவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தத் தவறுகளிலிருந்து மற்ற நாடுகள் கற்க முடிவது அதனால்தான்.

ஆவணம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு கோஸ்டா ரிக்கா சாட்சி. 2017லேயே தேசிய இணையப் பாதுகாப்பு உத்தியை வெளியிட்ட நாடு அது. 2022 ஏப்ரலில் நிதி அமைச்சகத்தில் தொடங்கிய தாக்குதலுக்குப் பின், மே மாதம் நெருக்கடி நிலையை அறிவிக்க வேண்டி வந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கொண்டுவந்த என்ஐஎஸ் 2 என்ற இணையப் பாதுகாப்பு விதி, பெரிய தாக்குதல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கையும், 72 மணி நேரத்துக்குள் விவரமும் தரச் சொல்கிறது. தகவல் சொன்னதாலேயே ஒருவரின் சட்டப் பொறுப்பு அதிகரிக்காது என்ற உறுதியும் அதில் உண்டு. கெடுவை எல்லோரும் நகலெடுப்பார்கள். இந்த உறுதியை விட்டுவிடுவார்களோ என்பதே என் அச்சம். அபராதம் மட்டும் கண்ணில் பட்டால், எங்களுக்கு வந்த அதே உத்தரவுதான் எல்லா அலுவலகங்களிலும் வரும்.

வரைவுக் குழுவில் மருத்துவமனையிலும் மின் நிலையத்திலும் இரவுப் பணி பார்க்கும் கணினி ஊழியர்களும் இருக்க வேண்டும். அவர்களை வாய் திறக்க விடாமல் தடுப்பது எது என்று விசாரித்து, தங்கள் இதழ் இன்னொரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினிப் பராமரிப்பாளர்